சாட்சிக் கையெழுத்தும் வாசற்படியும்

கி.பி. 849இல் வேணாட்டை ஆண்ட ஐயனடிகள் திருவடிகள், கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோயிலுக்கு நிலமும் உரிமைகளும் வழங்கினார். சேர மன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டு அது. கொடையைச் செப்பேட்டில் வட்டெழுத்தில் வெட்டினார்கள். கல்வெட்டுத் தமிழ் கொஞ்சம் பழகியவர்களுக்குப் பிடிபடுகிற மொழிதான். சாட்சிகள் கையெழுத்திட்ட ஏடு மட்டும் நமக்கு அந்நியமானது. சிலர் அரபியில் எழுதியிருக்கிறார்கள், சிலர் பஹ்லவியில், நான்கு பேர் ஹீப்ரு எழுத்தில். அந்த நால்வரும் பாரசீகம் பேசிய யூத வணிகர்கள்.

கிறிஸ்தவப் பள்ளிக்குக் கிடைத்த நிலத்துக்கு யூதர் ஏன் சாட்சி நிற்க வேண்டும்? வணிக நலன் ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரண்டு வணிகக் குழுக்களும் பள்ளியின் உரிமைகளைக் காக்கும் பொறுப்பை ஏற்றதாகச் செப்பேடு சொல்கிறது. கடல் கடந்து வந்தவர்களுக்கு ஒருவர் உரிமை இன்னொருவருக்கு அரண். ஆனால் சாட்சிக் கையெழுத்து என்பது வெறும் மரியாதை அல்ல. நாளைக்கு வழக்கு வந்தால் நான் வந்து சொல்வேன் என்ற பொறுப்பு அது. இந்தியாவில் யூதர் பெயர் பதிந்த மிகப் பழைய ஆவணங்களில் ஒன்றான இதில், அவர்கள் தங்களுக்காக எதையும் கேட்டு நிற்கவில்லை. பிறருடைய உரிமைக்குச் சாட்சியாக நிற்கிறார்கள்.

நாஞ்சில் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு யூதர் என்றால் விவிலியத்தில் வருகிற பெயர். ஜெப ஆலயம் என்பது இயேசு போதித்த இடம். பின்னாளில் நாஞ்சில் நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்ட அதே வேணாட்டில், நம் தாத்தன் பூட்டன்மார் சரக்குக் கொண்டுபோன அதே கொல்லத்தில், யூதர்கள் கடை போட்டு, கப்பல் விட்டு, வரி கட்டி வாழ்ந்தார்கள் என்பது பலருக்கும் புதிய செய்தியாகவே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு யூதப் பயணி துதேலா பென்யமினும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோவும் கொல்லத்து யூதர்களைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு சமூகம் தன்னைத் தனியாகக் காத்துக்கொண்டே பிறருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்க முடியும் என்பது இன்று நம் குமரி மாவட்டத்திலும் உயிருள்ள கேள்வி. கேரளத்து யூதர் வரலாற்றில் அதற்குப் பெருமையான பக்கமும் உண்டு, வலிக்கிற பக்கமும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

தரிசாப்பள்ளி ஏட்டுக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 1000ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து ஒரு செப்பேடு வெளியிட்டான். இதுவும் வட்டெழுத்துத்தான். ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தின் உரிமையையும் 72 சிறப்புரிமைகளையும் அது தருகிறது. பகல் விளக்கு, நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, பறை, தோரணம் என்று அந்தப் பட்டியல் போகிறது. வரிவிலக்கும் உண்டு.

தோள்சீலைப் போராட்டத்தின் ஊரிலிருந்து இந்தப் பட்டியலைப் படிக்கிறபோது மனம் வேறெங்கோ போகிறது. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடாருக்கும் ஈழவருக்கும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதிகளுக்கும் குடை கூடாது, செருப்புக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது. 1822இல் கல்குளம் வட்டாரத்தில் தொடங்கி 1859இல் அரசாணை வரும்வரை மேலாடைக்காக மட்டும் எத்தனை அடி, எத்தனை தீவைப்பு. ஜோசப் ரப்பானுக்கு அரசன் மனமுவந்து கொடுத்த குடை, வேறொருவருக்கு மறுக்கப்பட்டதால்தான் சிறப்புரிமை ஆனது. எல்லோரும் பிடிக்கிற குடையைச் செப்பேட்டில் எழுதி வைக்க வேண்டியதில்லையே.

கேரள மன்னர்கள் யூதர்களுக்குச் செய்த உதவி உண்மையானது. ஐரோப்பாவில் யூதர்கள் ஊர் ஊராகத் துரத்தப்பட்ட நூற்றாண்டுகளில், கொச்சி அரசர் தம் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டியே அவர்களுக்கு இடம் கொடுத்தார். 1568இல் அங்கே பரதேசி யூதர்களின் ஜெப ஆலயம் எழுந்தது. அரண்மனைக் கோயிலும் யூதப் பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. போர்த்துக்கீசியர் 1662இல் அந்தப் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். அடுத்த ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்ததும் யூதர்கள் அதை மறுபடியும் எழுப்பினார்கள். ஆனால் மன்னர்களின் அந்த ஆதரவு சாதிப் படிநிலையில் ஓர் உயர்ந்த படியாக வந்து சேர்ந்தது. படியில் ஏறி நிற்பவருக்குக் கீழ்ப்படியில் யாராவது வேண்டும். இந்தக் கட்டுரையின் வழக்கு இதுதான்.

யூத அறநூல்கள் உதவியைப் பற்றி என்ன சொல்கின்றன? தல்மூத் முதலில் வரிசை வகுக்கிறது. தன் வீட்டு ஏழை முன்னால், பிறகு தன் ஊர் ஏழை, பிறகு அயலூர் ஏழை. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று நாம் சொல்வதற்கு அருகில் வருகிறது இது. ஆனால் அதே தல்மூத் வேறோரிடத்தில், சமாதானத்தை முன்னிட்டு மூன்று காரியங்களை அயலாருக்கும் செய்யச் சொல்கிறது: அவர்களுடைய ஏழைகளையும் தம் ஏழைகளோடு சேர்த்துத் தாங்க வேண்டும், அவர்களுடைய நோயாளிகளைப் போய்ப் பார்க்க வேண்டும், அவர்களுடைய இறந்தோரை அடக்கம் செய்ய வேண்டும். இந்த மூன்றுக்கும் மதமாற்றம் நிபந்தனை அல்ல. யூத மதம் ஆள் சேர்க்கப் புறப்படுகிற மதமும் அல்ல.

நம் மாவட்டத்தில் இந்த வேறுபாட்டின் கனத்தை எளிதாக உணரலாம். நெய்யூரில் லண்டன் மிஷன் 1838இல் வைத்தியம் தொடங்கியது. எவரெஸ்டில் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல் பின்பு அதே நெய்யூரில் வந்து தங்கி ஆயிரக்கணக்கானவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வடசேரியில் இரட்சணிய சேனையின் காத்தரின் பூத் மருத்துவமனை. இவர்கள் பிழைக்க வைத்த உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆனாலும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சந்தேகம் இந்த உதவியின் பின்னாலேயே நடந்து வருகிறது: எதற்காகச் செய்கிறார்கள்? 1982இல் மண்டைக்காட்டில் வெடித்த மதக் கலவரத்தில் அந்தச் சந்தேகத்துக்கும் பங்குண்டு. உதவியால் கூட்டம் பெருகாத ஒரு சமூகம் உதவுகிறபோது இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. அதனால் அதன் உதவி உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தாழ்த்தப்பட்டவர் கையில் புத்தகத்தைக் கொடுத்தது மிஷன்தான், கொச்சி யூதர் அல்லர். ஆள் சேர்க்காத சமூகத்துக்கு அயலார் துன்பம் கண்ணில் படாமலே போகிற ஆபத்தும் உண்டு.

யூத அறநூல்களைத் தொகுத்து முறைப்படுத்திய மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். மேல்படியில் இருப்பது கையில் காசு போடுவது அல்ல. கடன் கொடுத்தோ, கூட்டுச் சேர்த்தோ, வேலை தந்தோ ஒருவன் இனி யாரிடமும் கேட்க வேண்டாதபடி நிமிர்த்துவது. 1168இல் சிலுவைப்போர்ப் படை எகிப்தின் பில்பைஸ் நகரைப் பிடித்து யூதர்களைச் சிறைகொண்டபோது, மீட்புப் பணம் திரட்ட ஊர் ஊராகக் கடிதம் எழுதியவரும் அவரே. அவருடைய தம்பி டேவிட் ரத்தின வியாபாரி. இந்தியாவுக்கு வருகிற வழியில் கடலில் மூழ்கிப் போனார். குடும்பத்தின் பணமும் அவரோடு போயிற்று. அண்ணன் ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தார். மலபாரை நோக்கி வந்த வணிகப் பாதை அந்த வீட்டுக்குச் சோறு போட்ட பாதை, அந்த வீட்டைக் குலைத்த பாதையும்கூட.

இந்த அறம் முழுவதற்கும் அடியில் ஒரு நினைவு கிடக்கிறது. எகிப்தில் நீங்கள் அடிமைகளாக இருந்தீர்கள், ஆகவே அந்நியனை ஒடுக்காதீர்கள் என்று தோரா திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆண்டுதோறும் பஸ்காவில் வீடு வீடாக அந்த அடிமை வாழ்வைக் கதையாகச் சொல்லி, கசப்புக் கீரை தின்று, பிள்ளைகளுக்கு நினைவூட்டுகிறார்கள்.

மட்டாஞ்சேரியிலும் அப்படித்தான் பஸ்கா நடந்தது. ஆனால் பரதேசி ஜெப ஆலயத்துக்குள் அடிமை வாழ்வின் இன்னொரு கதையும் இருந்தது. ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த பரதேசி யூதர்கள், அதாவது ஊரார் வாயில் வெள்ளை யூதர்கள், அடிமைகளை வைத்திருந்தார்கள். விடுவிக்கப்பட்டு முறைப்படி யூதரானவர்களுக்கும் அவர்களுடைய வழிவந்தவர்களுக்கும் மெசுஹ்ராரிம் என்று பெயர். அவர்களும் சபாத் அனுசரித்தார்கள், அதே ஹீப்ரு ஜெபத்தைச் சொன்னார்கள், அதே உணவுக் கட்டுப்பாட்டைக் காத்தார்கள். ஆனாலும் பள்ளிக்குள் அவர்களுக்குப் பெஞ்சு கிடையாது. முன்கூடத்துத் தரையிலோ படியிலோ உட்கார வேண்டும். கல்யாண உறவு கிடையாது. கல்லறையிலும் தனி இடம். பல நூற்றாண்டுகளாக மண்ணில் ஊறிய மலபாரி யூதர்களோ, அதாவது கறுப்பு யூதர்கள், தனிப் பள்ளிகளில் தனியாக இருந்தார்கள். வெள்ளை யூதர் அவர்களோடும் பெண் கொடுத்து எடுப்பதில்லை.

மதச் சட்டம் இதை ஆதரிக்கவில்லை என்பதுதான் நெஞ்சில் தைப்பது. 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து எகிப்துக்கு இந்தக் கேள்வி போயிற்று. முறைப்படி விடுதலையும் முழுக்குச் சடங்கும் பெற்றுவிட்டால் அவர்கள் முழு யூதர்களே, பெண் கொடுக்கலாம், எடுக்கலாம் என்று பெரிய சட்ட அறிஞர் டேவிட் இப்னு ஜிம்ரா தீர்ப்பு எழுதினார். தீர்ப்பு கடல் தாண்டி வந்தது. மட்டாஞ்சேரியின் வாசற்படியைத் தாண்டவில்லை. கெய்ரோவின் சாத்திரத்தைவிட அக்கம்பக்கத்து வழக்கம் வலுவாக இருந்தது. கேரளம் தந்த படி அது. அதில் ஏறி நின்றவர்கள் கேரளத்தின் மேல்சாதி செய்ததையே செய்தார்கள்.

அந்தத் தரையில் உட்கார வைக்கப்பட்ட குடும்பம் ஒன்றில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பாராக் சேலம். ஊர்ப் பெயரல்ல, அவருடைய பெயர்தான். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்து, சென்னையில் சட்டம் முடித்து வழக்கறிஞரானார். கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய், முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறியதைப் பார்த்து வந்தார். ஊருக்கு விடுதலை கேட்ட அதே மனிதர் தம் சொந்தப் பள்ளிக்குள் உட்கார இடம் கேட்க வேண்டியிருந்தது. காந்தியின் வழியையே கையிலெடுத்தார்: பள்ளியைப் புறக்கணித்தார், சத்தியாகிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்ற பெயர் அவருக்கு அப்படித்தான் வந்தது. 1930களின் நடுவில் பழைய தடைகள் பலவும் தளர்ந்திருந்தன. கல்யாணத் தடை அதற்குப் பிறகும் நின்றது. 1950இல் அவருடைய மகனுக்கும் வெள்ளை யூதர் வீட்டுப் பெண் ஒருவருக்கும் திருமணம் நடந்தது. கொச்சியில் அல்ல, பம்பாயில்.

சேலத்தின் காலம் நம்முடைய காலமும் கூட. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் தாழ்த்தப்பட்டவர்களும் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் மேல்சாதியினரின் ஆதரவைக் காட்ட இரண்டு ஊர்வலங்கள் புறப்பட்டன. வடக்கே வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் நடத்தியது ஒன்று. தெற்கே கோட்டாற்றிலிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு நடத்தியது மற்றொன்று. திருவனந்தபுரத்தில் இரண்டும் சேர்ந்து, சுமார் 25,000 பேர் கையெழுத்திட்ட மனுவை ராணி சேது லட்சுமிபாயிடம் கொடுத்தன. 1925இல் சட்டசபையில் அந்தத் தெருக்களைத் திறந்துவிடும் தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றது. 1926இல் அதே நாயுடு சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோயில் வீதிகளுக்காகச் சத்தியாகிரகம் தொடங்கினார். ஆலயப் பிரவேசப் பிரகடனம் வர 1936 நவம்பர் 12 ஆயிற்று.

வைக்கத்தில் நடந்த இன்னொரு விஷயம் இங்கே பேசப்பட வேண்டும். போராட்டத்தின் தொடக்கத்தில் முன்னின்றவர்களில் ஜார்ஜ் ஜோசப் ஒரு கிறிஸ்தவர். தீண்டாமை இந்துக்களின் பாவம், பரிகாரத்தையும் இந்துக்களே செய்யட்டும் என்று காந்தி அவரை விலகி நிற்கச் சொன்னார். பஞ்சாபிலிருந்து வந்து அன்னதானம் நடத்திய அகாலி சீக்கியர்களின் சமையற்கூடத்தையும் அவர் ஏற்கவில்லை. காந்தியின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை: வீட்டுக்காரன் திருந்தாமல் அயலான் வந்து கதவைத் திறந்தால் அவன் போனதும் கதவு மூடிக்கொள்ளும். ஆனால் தெருவில் நிறுத்தப்பட்டவனுக்கு, உதவுகிறவர் எந்த மதம் என்று பார்த்துக் காத்திருக்க நேரம் ஏது? அந்த இடத்தில் காந்தியோடு நான் உடன்படவில்லை. கொல்லத்துச் செப்பேட்டில் கையெழுத்திட்ட நான்கு யூதர்களும் கிறிஸ்தவர் விவகாரம் கிறிஸ்தவரோடு போகட்டும் என்று நினைத்திருந்தால் அந்த ஏட்டில் அவர்கள் பெயர் இருந்திருக்காது.

எம்பெருமாள் நாயுடுவும் சேலமும் எதிரெதிர் இடத்திலிருந்து ஒரே காரியத்தைச் செய்தார்கள். நாயுடுவுக்குத் தெரு மறுக்கப்படவில்லை, மறுக்கப்பட்டவர்களுக்காக நடந்தார். சேலத்துக்கே பெஞ்சு மறுக்கப்பட்டது. தனக்காகவும் தன்னைப் போன்றோருக்காகவும் உட்கார்ந்தார். இரண்டாவது இன்னும் கடினம் என்று நினைக்கிறேன். எதிரில் இருப்பவர்கள் உறவுக்காரர்கள், ஒரே வேதம் படிக்கிறவர்கள், நாளைக்கு மரித்தால் தூக்கிப் போக வர வேண்டியவர்கள். நம் பக்கத்திலும் அப்படி ஒரு சுவர் இருந்தது. குமரி மாவட்ட எல்லையைத் தாண்டியதும் வருகிற வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்களாகக் கத்தோலிக்கக் கோயிலைக் கட்டி, சாதிக்கு ஒரு கூடமாகப் பிரித்து உட்கார்ந்தார்கள். 1910இல் கௌசானல் என்ற குரு நடுச்சுவரை இடித்தார். அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். பிரச்சினை அந்நியரோடு இல்லை. ஒரே அப்பத்தை வாங்கித் தின்கிறவரோடு.

பிறருக்கு உதவும் அறத்தைப் பேசும்போது தூரத்து அந்நியரையே நாம் நினைக்கிறோம். அந்நியருக்கு உதவுவதால் நம் இடம் குறைவதில்லை. 2004 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, கீழமணக்குடி என்று நம் கரையில் வீடுகள் போனபோது உதவி எங்கெங்கிருந்தோ வந்தது. அமெரிக்க யூதர்களின் அமைப்புகளும் இந்தியா, இலங்கைக் கரைகளுக்காக நிதி திரட்டின. அவற்றில் ‘ஜாயிண்ட்’ என்று அழைக்கப்படுகிற விநியோகக் குழு, 1914இல் துன்பப்பட்ட யூதர்களுக்கு உதவத் தொடங்கப்பட்டது; இன்று பேரிடர் என்றால் மதம் பார்க்காமல் போகிறது. அது நல்ல வளர்ச்சி. ஆனால் கடலுக்கு அப்பால் இருக்கிறவனுக்குப் பணம் அனுப்புவதற்கும் வாசற்படியில் இருக்கிறவனுக்குப் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. முதலாவதில் செலவாவது காசு. இரண்டாவதில் செலவாவது நாம் யார் என்று நம்மைப் பற்றி வைத்திருக்கிற எண்ணம்.

சேலம் பெஞ்சு கிடைத்ததோடு நின்றிருந்தால் அவர் கதை ஒரு குடும்பத்தின் கதையாகவே இருந்திருக்கும். இஸ்ரேல் உருவானபின் மலபாரி யூதர்கள் அங்கே போக விரும்பினார்கள். அவர்கள் சேலத்தின் பள்ளியைச் சேர்ந்தவர்கள் அல்லர், தனிப் பள்ளிகளைச் சேர்ந்த தனிப் பிரிவினர். இஸ்ரேல் அதிகாரிகள் தயங்கினார்கள். காரணம் யானைக்கால் நோய். அந்த நோயைக் கரையோரக் கேரளமும் குமரியும் நன்றாக அறியும். தொழுநோய்க்காரரை ஒதுக்குவதுபோல யானைக்கால்காரரையும் பார்க்கிற கண் நம் ஊரிலும் இருந்தது. சேலம் 1950களின் தொடக்கத்தில் இஸ்ரேலுக்கே போய் அவர்களுக்காகப் பேசினார். சில ஆண்டுகளில் ஏறத்தாழ மொத்த மலபாரி சமூகமும், 2,000க்கு மேற்பட்டவர்கள், போய்ச் சேர்ந்தது. பாலைவனத்து நெவாதிம் போன்ற கிராமங்களில் குடியேறி விவசாயம் பார்த்தார்கள். இஸ்ரேல் கனவைச் சேலமும் கண்டவர்தான். ஆனாலும் அவர் மட்டாஞ்சேரியிலேயே இருந்து 1967இல் அங்கேயே மறைந்தார்.

அடுத்த ஆண்டு, 1968 டிசம்பரில், பரதேசி ஜெப ஆலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அதன்பின் பரதேசிகளும் ஒருவர் பின் ஒருவராகக் குறைந்தார்கள். பொதுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அந்தப் பத்துப் பேர் உள்ளூரில் சேராமல் போய், வெளியூரிலிருந்து வருகிற யூதப் பயணிகளை எதிர்பார்க்கிற நிலை வந்தது. யார் எந்த அடிமையின் பேரன் என்று அப்போது யாரும் கேட்டிருக்க முடியாது.

மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் தெருவில் சாரா கோஹன் என்ற அம்மாள் பூவேலைத் துணிக்கடை வைத்திருந்தார். தொழுகைத் தொப்பிகளும் சபாத் அப்பத்தை மூடுகிற துணிகளும் தைத்து விற்றார். கணவர் போனபின் பிள்ளையில்லாத அவரையும் கடையையும் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு மனிதர் சிறுவனாக இருந்த நாளிலிருந்தே தெருவில் பழகியவர். அம்மாளுக்கு மருந்தும் சாப்பாடும் பார்த்து, கடையை நடத்தி, சபாத் நாளில் கடை மூட வேண்டிய முறையையும் காத்தார். 2019இல், 96 வயதில், சாரா கோஹன் காலமானார். ஏழையைத் தாங்கு, நோயாளியைப் போய்ப் பார், இறந்தவரை அடக்கம் செய் என்று தல்மூத் அயலாருக்காக யூதரைச் செய்யச் சொன்னவற்றில் நடுவில் உள்ளதை, மட்டாஞ்சேரியில் ஓர் அயலார் வீடு ஒரு யூதப் பெண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் செய்து கொடுத்தது. கடையை அவர்களே தொடர்ந்து நடத்துகிறார்கள்.